குளுக்கோஸா, லாக்டுலோஸா? மூச்சுப் பரிசோதனைக்கு முன் ஒரு அலசல்

சாப்பிட்ட அரை மணியில் வயிறு உப்பிக்கொள்ளும் எனக்கு, சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருக்கிறதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனை எழுதித் தந்தார் டாக்டர். குடிக்கத் தரும் சர்க்கரையைப் பொறுத்து இதில் இரண்டு வகை உண்டு: குளுக்கோஸ், லாக்டுலோஸ். நான் எடுத்தது குளுக்கோஸ். மறுபடி எடுக்க நேர்ந்தாலும் அதுதான்.

நம் உடம்பின் செல்கள் ஹைட்ரஜன் உண்டாக்குவதில்லை. குடல் பாக்டீரியா சர்க்கரையைப் புளிக்கவைக்கும்போது வரும் ஹைட்ரஜன் ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியேறும். அதை அளக்கத்தான் கால் மணிக்கொரு தடவை ஊதச் சொல்கிறார்கள். எதுவானாலும் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். குளுக்கோஸ் 75 கிராம், கர்ப்பிணிகளுக்குச் சுகர் பார்க்கக் கொடுக்கும் அதே அளவு, திகட்டும். லாக்டுலோஸ் 10 கிராம்தான். மலச்சிக்கலுக்குத் தரும் சிரப்பில் இருப்பதும் இதுவே.

என்னை முடிவு செய்ய வைத்தது, சர்க்கரை எங்கே போய் இறங்குகிறது என்பது. குளுக்கோஸ் கடற்கரை ஸ்டேஷனில் ஏறி எழும்பூரிலேயே இறங்கிவிடும் ஆள். லாக்டுலோஸ் தாம்பரம் வரை போகும். அதாவது குளுக்கோஸ் சிறுகுடலின் மேல்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அதைக் குடித்து ஹைட்ரஜன் ஏறினால், பெரும்பாலும் மேலேயே யாரோ குடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். லாக்டுலோஸ் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போகும். அங்கே எல்லோருக்கும் பாக்டீரியா உண்டு, வாயு வந்தே தீரும். அதனால் நேரத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது. 2017இல் வட அமெரிக்க நிபுணர்கள் வகுத்த கணக்குப்படி, 90 நிமிடத்துக்குள் தொடக்க அளவைவிட ஹைட்ரஜன் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) கூடினால் பாசிட்டிவ். ஆனால் குடல் வேகமாக ஓடுகிறவருக்கு, அதுவும் அடிக்கடி பேதியாகிறவருக்கு, 90 நிமிடத்துக்கு முன்பே லாக்டுலோஸ் பெருங்குடலைத் தொட்டுவிடலாம். இல்லாத நோய்க்குப் பாசிட்டிவ் வரும், கூடவே ரிஃபாக்சிமின் போன்ற ஆன்டிபயாடிக் சீட்டும் வரும். என் குடல் ஓடுகிற ரகம். வேறென்ன யோசிக்க?

குளுக்கோஸிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பெருக்கம் இருந்தால் தவறவிட்டுவிடும். நெகட்டிவ் வந்ததும் ஆடக்கூடாது. இரைப்பை ஆபரேஷன் ஆனவர்களுக்கு இதுவும் ஏமாற்றலாம். சுகர் இருப்பவர்கள் 75 கிராமை நினைத்தாலே ஏறும். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம், அங்கே லாக்டுலோஸுக்கு நியாயம் இருக்கிறது.

முன்தயாரிப்பில் இரண்டும் ஒன்றுதான். நான்கு வாரம் ஆன்டிபயாடிக் கூடாது. முந்தின நாள் சாம்பார், வெங்காயம், பால், பழம் எல்லாம் கட். உளுந்து இருப்பதால் இட்லியும் போச்சு. வெள்ளைச் சோறு, உப்பு, அவித்த முட்டை, அவ்வளவுதான். "ரசமாவது ஊத்திக்கோப்பா" என்று அம்மா கரண்டியோடு நின்றார். அதிலும் பருப்புத் தண்ணீர். அப்புறம் இரவு முழுக்கப் பட்டினி.

மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு மட்டும் ஒன்று. அவர்கள் குடலில் மீத்தேன் விடும் நுண்ணுயிர் இருந்தால் அது ஹைட்ரஜனைத் தின்றுவிடும். ஹைட்ரஜன் மட்டும் அளக்கும் கருவியில் எல்லாம் சரி என்று வந்துவிடலாம். மீத்தேன் எந்த நேரத்திலும் 10 பிபிஎம் தொட்டாலே பாசிட்டிவ். எனக்கு அந்தத் தொந்தரவு இல்லாததால் இதில் சொந்த அனுபவம் கிடையாது. ஆனாலும் புக் செய்யும் போனிலேயே மீத்தேனும் அளப்பீர்களா என்று கேட்டுவிடுங்கள்; இல்லை என்றால் வேறு லேப் பாருங்கள்.