34,000 டாலர் டிரிப்ஸ், 15,900 டாலர் மாத்திரை, பழைய செர்ட்ராலின்

பிள்ளை பெற்ற முதல் சில நாளில் காரணமே இல்லாமல் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அடங்காமல் நீண்டு, தூக்கத்தையும் பசியையும் குழந்தை மேல் இருக்கும் ஆசையையும் சேர்த்து அரிக்க ஆரம்பித்தால் அதுதான் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. இதற்கென்றே ஒரு மருந்து அமெரிக்காவில் 2019 மார்ச்சில்தான் அனுமதி பெற்றது. அதுவரை செர்ட்ராலின் மாதிரி எல்லாருக்கும் கொடுக்கும் மனச்சோர்வு மாத்திரைதான்.

அந்த முதல் மருந்து பிரெக்ஸனோலோன். கடைப் பெயர் ஜுல்ரெஸோ. கர்ப்ப காலத்தில் அல்லோபிரெக்னனோலோன் என்ற பொருள் உடம்பில் ஏறிக்கொண்டே போய், பிரசவமானதும் சட்டென்று இறங்கிவிடும். மூளையைச் சாந்தப்படுத்தும் காபா ஏற்பிகளில் வேலை செய்கிற பொருள் அது. அதையே நரம்பு வழியாகத் திரும்ப ஏற்றிப் பார்ப்போம் என்பதுதான் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் 60 மணி நேரம் விடாமல் டிரிப்ஸ் ஏற வேண்டியிருந்தது. திடீரென நினைவு தப்பலாம் என்பதால் அதற்கென அனுமதி வாங்கிய இடத்தில்தான் போட முடிந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. குழந்தையைத் தாயிடம் கொண்டுவந்தால்கூடப் பக்கத்தில் இன்னொருவர் நின்றாக வேண்டியிருந்தது. மருந்துக்கு மட்டும் சுமார் 34,000 டாலர், படுக்கைக் கட்டணம் தனி. பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு இரண்டரை நாள் யார் போய்ப் படுப்பார்கள்? 2024 முடிவோடு தயாரித்த சேஜ் நிறுவனமே விற்பனையை நிறுத்திவிட்டது.

நிறுத்தியதற்கு இன்னொரு காரணம், அதே வீட்டுத் தம்பி வந்துவிட்டான். சேஜும் பயோஜெனும் சேர்ந்து கொண்டுவந்த ஜுரானோலோன், கடைப் பெயர் ஜுர்ஸுவே, 2023 ஆகஸ்டில் அனுமதி பெற்றது. தினமும் சாயங்காலம் ஒரு வேளை, 14 நாள், அதோடு முடிந்தது. வெறும் வயிற்றில் கூடாது, கொழுப்புள்ள சாப்பாட்டோடுதான் சாப்பிட வேண்டும். (பத்தியம் என்று நெய்யை ஒதுக்குகிற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.) சாப்பிட்டு 12 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, அவ்வளவு தூக்கம் தள்ளும். ராத்திரி பாலுக்கு எழுந்திருக்க வீட்டில் இன்னொரு ஆள் வேண்டும். அம்மாவோ மாமியாரோ விசிட்டர் விசாவில் வந்து தங்கியிருக்கும் தமிழ் வீடு என்றால் சமாளிக்கலாம். தனியாக இருப்பவருக்குக் கஷ்டம்.

2023இல் அறிவித்த விலை 15,900 டாலர். 14 ராத்திரிக்குப் பிரித்தால் ஒரு ராத்திரிக்கு 1,135 டாலர் சொச்சம். அதற்கு என்ன கிடைக்கிறது? 196 பெண்களிடம் நடந்த ஸ்கைலார்க் ஆய்வில், 15ஆம் நாள் மனச்சோர்வு மதிப்பெண் மருந்து சாப்பிட்டவர்களுக்கு 15.6 குறைந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 11.6 குறைந்தது. வித்தியாசம் 4. ஆனால் மூன்றாம் நாளிலேயே அந்த வித்தியாசம் தெரிய ஆரம்பித்துவிட்டது. வாங்குகிறவர் காசு கொடுப்பது அந்த வேகத்துக்குத்தான். ஒன்று கவனிக்க வேண்டும்: போட்டி வெற்று மாத்திரையோடுதான், செர்ட்ராலினோடு இல்லை. அந்த ஆய்வில் தாய்ப்பாலையும் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள்.

செர்ட்ராலின் பல வருஷமாக ஜெனரிக்காக (பிராண்டு பெயர் இல்லாத மலிவு மருந்தாக) கிடைக்கிறது, விலை இந்த இரண்டுக்கும் பக்கத்திலேயே வராது. தாய்ப்பாலில் மிகக் குறைவாகத்தான் கலக்கும் என்பதால் பால் கொடுக்கும் தாய்களுக்கு டாக்டர்கள் முதலில் எழுதுவதும் பெரும்பாலும் இதைத்தான். குறை, வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், மாதக்கணக்கில் தொடர வேண்டும். முதல் வாரத்தில் குமட்டலைப் பார்த்துப் பயந்து பாதியில் விடுகிறவர்கள் உண்டு.

சரி, மருந்தே இல்லாமல்? பேச்சு சிகிச்சையை மருந்துக் கம்பெனி விற்க முடியாது, அதனால் விளம்பரமும் கிடையாது. பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில், படித்த உளவியலாளர் இல்லாமல், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்துச் செய்து பார்த்தார்கள். 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த முடிவு: குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது மனச்சோர்வில் இருந்தவர்கள், இந்தப் பயிற்சி நடந்த கிராமங்களில் 23 சதவீதம், வழக்கமான கவனிப்பு கிடைத்த கிராமங்களில் 53 சதவீதம்.

என்னைக் கேட்டால், லேசாக இருந்தால் பேச்சு. நடுத்தரமென்றால் பேச்சோடு செர்ட்ராலின். எழவே முடியாத அளவுக்குப் படுத்துவிட்டவருக்கு, காப்பீடு ஒத்துக்கொண்டால், ஜுரானோலோன். இதையெல்லாம் டாக்டரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த அலசல் பொருந்தாத ஓர் இடமும் உண்டு. எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விக் காகிதம் ஒன்றை நிரப்பக் கொடுப்பார்கள். பத்தாவது கேள்வி, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதில் ‘ஒருபோதும் இல்லை’ என்ற கட்டத்தைத் தவிர வேறு எதில் டிக் விழுந்தாலும் விலைப்பட்டியலை மூடிவைத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.