கீகல் பயிற்சி: மூன்று மாதத்துக்கு அப்புறம் என்ன?

கீகல் எனப்படும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியால் (சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகளை இறுக்கித் தளர்த்துவது) சிறுநீர்க் கசிவு நின்றுவிட்டது என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் முதல் சில மாதங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் வருடக்கணக்காகச் செய்துவருகிறேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு, தும்மினாலும் கனம் தூக்கினாலும் கசிந்துகொண்டிருந்தது.

பலன் உண்டா? உண்டு. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்பில், இந்த வகைக் கசிவு உள்ள பெண்களில் பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 சதவீதம் பேர்தான். ஆனால் இது பயிற்சிக் காலம் முடிந்த கையோடு எடுத்த கணக்கு. நார்வேயில் ஒரு ஆய்வில், தீவிரப் பயிற்சி பெற்றவர்களையும் வீட்டில் தாங்களே செய்தவர்களையும் 15 வருடம் கழித்து விசாரித்தார்கள். ஆரம்பத்தில் தீவிரப் பயிற்சிக் குழுவுக்குக் கிடைத்த கூடுதல் பலன் அப்போது இல்லை. இரண்டு குழுவிலும் பாதிப் பேர் கசிவுக்காக அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். வாரம் ஒருமுறையாவது பயிற்சியைத் தொடர்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. கசிவு நின்றதும் பயிற்சியின் ஞாபகமே வராது. நான் விட்டிருந்த காலத்தில், ஒரு நீண்ட இருமலோடு கசிவும் திரும்பி வந்தது. மறுபடி ஆரம்பித்ததும் குறைந்தது.

செய்முறையில் கவனிக்க வேண்டியது: ஆசனவாயிலிருந்து முன்பக்கமாக உள்ளே இழுத்து மேலே தூக்க வேண்டும். பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. ஒவ்வொரு இறுக்கத்துக்குப் பிறகும் தசையை முழுவதுமாகத் தளர்த்த வேண்டும்; அவசரத்தில் எல்லோரும் விடுவது இதைத்தான். சரியான தசைதான் இறுகுகிறதா என்று பிசியோதெரபிஸ்ட் உள்பரிசோதனை செய்து பார்த்தது எனக்குப் பெரிய உதவி. கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் போங்கள். பிரிட்டனின் வழிகாட்டுதல்படி குறைந்தது 8 இறுக்கங்கள், நாளுக்கு 3 முறை, 3 மாதமாவது செய்ய வேண்டும். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவது வேண்டாம்.

இத்தனை வருடத்தில் என்னிடம் நிலைத்தது ஒன்று உண்டு. தும்மல் வரப்போகிறது என்று மூக்கு சொன்னதுமே, தும்முவதற்கு ஒரு நொடி முன்னால் தசையை இறுக்கிக்கொள்வது. பயிற்சி தவறிய நாட்களிலும் இது தானாக வருகிறது. என்னைக் கேட்டால், பேட் வைப்பதை விட்டது வலிமையைவிட இந்தப் பழக்கத்தால்தான். ஆனாலும் ஸ்கிப்பிங் ஆடினால் இன்றைக்கும் ஓரிரு சொட்டு வரும்.

திடீரென்று அவசரமாக வந்து, கழிப்பறைக்குப் போவதற்குள் கசிகிற வகை வேறு. அதற்கு, போகும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டும் சிறுநீர்ப்பைப் பயிற்சியும் தேவை. குறைந்தது 6 வாரம் ஆகும். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, அடிவயிறு வலித்தாலோ, பயிற்சியே வலித்தாலோ முதலில் டாக்டரைப் பாருங்கள். சிலருக்குத் தசை ஏற்கெனவே இறுகிக் கிடக்கும். அவர்கள் கற்க வேண்டியது தளர்த்துவதை.

கருவி வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 600 பெண்களிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், தசை இறுகுவதைத் திரையில் காட்டும் பயோஃபீட்பேக் கருவியைச் சேர்த்துக்கொண்டவர்களுக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் இரண்டு வருட முடிவில் வித்தியாசம் இல்லை. நான் வாங்கவில்லை.