பார்த்த பறவையை மட்டும் வரையச் சொன்ன போட்டி

நாலாம் வகுப்பு படிக்கிற என் மகளை இந்த இரண்டு வருஷத்தில் ஏழெட்டு ஓவியப் போட்டிகளுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். எல்லாம் ஒரே மாதிரிதான். கல்யாண மண்டபமோ பள்ளிக்கூட ஹாலோ, தரையில் வரிசையாகப் பிள்ளைகள், மடியில் எக்ஸாம் பேட், தலைப்பு ‘இயற்கையைக் காப்போம்’ இல்லையென்றால் ‘எனக்குப் பிடித்த பறவை’. தலைப்பைச் சொன்ன அடுத்த நிமிஷம் பாதிப் பிள்ளைகள் டிராயிங் கிளாஸில் வாரக்கணக்காகப் போட்டுப் பழகின மயிலை ஆரம்பித்துவிடுவார்கள், மீதிப் பேர் கிளி. என் மகளும் மயில்தான் போடுவாள். இரண்டு தடவை பரிசும் வாங்கினாள். ஆனால் எந்த மயிலையும் நின்று பார்த்து அவள் வரைந்ததில்லை, யாரோ போட்டுக் காட்டின கோடுகளை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

போன ஜனவரியில், பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மதுராந்தகம் பக்கம் ஒரு ஏரிக்கரையில் நடந்த பறவை ஓவியப் போட்டி வேறு மாதிரி இருந்தது. உள்ளூரில் பறவை பார்க்கிறவர்கள் சிலர் சேர்ந்து நடத்தினார்கள். பெயர் போடவில்லை, ஏனென்றால் ஒரு பெரிய குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது, அது அவர்களுக்கு மட்டும் உரிய குறையும் இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை மூன்று பிரிவு, கட்டணம் 150 ரூபாய், அதில் வரைகிற தாள், காலைச் சாப்பாடு, ஏரிப் பறவைகள் படம் போட்ட ஒரு அட்டை எல்லாம் அடக்கம். நாற்பது பிள்ளைகள் இருப்பார்கள்.

விதி ஒன்றுதான். காலையில் ஏரியில் உன் கண்ணால் எதைப் பார்த்தாயோ அதைத்தான் வரைய வேண்டும். போன் கூடாது, மாதிரிப் படம் கூடாது, அந்தப் பறவை அட்டையைக்கூட வரைந்து முடித்த பிறகுதான் கையில் கொடுத்தார்கள். இந்த ஒரு விதிக்காகவே 150 ரூபாய் தகும்.

ஆறேகாலுக்கு ஏரிக்கரையில் இருக்கச் சொன்னார்கள். பனி இன்னும் விலகவில்லை. பத்துப் பத்துப் பேராகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு அண்ணாவையோ அக்காவையோ போட்டார்கள், பிள்ளைகள் கையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும். பெற்றோர் பின்னால் வரலாம், ஆனால் பேசக் கூடாது. எங்கள் குழுவுக்கு வந்த அக்கா முதலில் எந்தப் பறவையின் பெயரையும் சொல்லவில்லை. “கரையோரம் சேத்துல என்ன இருக்கு, சொல்லுங்க” என்று மட்டும் கேட்டார். எனக்கு அங்கே ஒரு மண்கட்டிதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையன், “அதுக்குக் கண்ணு இருக்கு” என்றான். அது மடையான், கொக்கு வகைப் பறவை. உடம்பெல்லாம் பழுப்பும் சேற்று நிறமும் கோடு கோடாக, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு அப்படியே நின்றது. நாங்கள் இரண்டடி முன்னால் போனதும் எழும்பிப் பறந்தது பாருங்கள், பறக்கும்போது அது முழுக்க வெள்ளையாகத் தெரிந்தது. பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் கத்திவிட்டார்கள். அதற்குச் சிறகும் வாலும் வெள்ளை, மடக்கி உட்கார்ந்தால் பழுப்பு முதுகு மேலே மூடிக்கொள்வதால் வெள்ளை மறைந்துவிடுகிறது என்று அக்கா சொன்னார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலில் தினமும் நிற்கிற பறவை இது. இத்தனை வருஷத்தில் நான் இதைக் கவனித்ததே இல்லை.

அப்புறம் கால். இதை எல்லா டிராயிங் மாஸ்டர்களும் கேட்க வேண்டும். அக்கா ஒரு கொக்கைக் காட்டி, “இதுக்கு முட்டி எங்கே?” என்று கேட்டார். எல்லாப் பிள்ளைகளும் காலின் நடுவில் மடங்குகிற இடத்தைக் காட்டினார்கள். “உங்க முட்டி முன்பக்கமா மடங்குது, இதுக்கு ஏன் பின்பக்கமா மடங்குது?” பதில் இல்லை. எல்லாரையும் குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கச் சொன்னார், அப்படியே மெதுவாக உட்காரச் சொன்னார். “இப்போ குதிகால் எங்கே இருக்கு?” பின்னால், தரைக்கு மேலே. பறவைக்கும் அதேதான். நாம் முட்டி என்று நினைப்பது அதன் கணுக்கால், அது எப்போதும் விரலில்தான் நடக்கிறது, நிஜமான முட்டி மேலே இறகுக்குள் இருக்கிறது. பனி ஈரத்தில் பத்துப் பிள்ளைகள் நுனிக்காலில் கொக்கு மாதிரி நின்றதை நான் மறக்க மாட்டேன். அன்றைக்கு மத்தியானம் காட்சிக்கு வைத்த படங்களில் எங்கள் குழுப் பிள்ளைகள் வரைந்த கால் எல்லாம் சரியான பக்கம் மடங்கியிருந்தது, போய்ப் பார்த்து எண்ணினேன்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் நிறையப் பார்த்தோம். நீர்க்காகம் பட்ட மரத்தில் இரண்டு சிறகையும் விரித்து வைத்துக்கொண்டு காய்ந்துகொண்டிருந்தது, முங்கி மீன் பிடிக்கும்போது இறகு நனைந்துவிடுவதால். இலைக்கோழி தன் நீள விரல்களால் அல்லி இலை மேல் முங்காமல் நடந்து போனது. வேடந்தாங்கல் பக்கத்தில்தான் என்பதால் அந்தக் கதையையும் சொன்னார்கள், 1798லேயே அங்கே பறவைகளைச் சுடக் கூடாது என்று அப்போதைய கலெக்டர் உத்தரவு போட்டதையும், எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பதால் ஊர்க்காரர்களே பறவைகளுக்குக் காவலாக நின்றதையும். பிள்ளைகள் அதைப் பெரிதாகக் காதில் வாங்கவில்லை, ஒரு முக்குளிப்பான் எங்கே மேலே வரும் என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி, அதுவும் நல்லதுதான்.

இட்லி, பொங்கல் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட ஹாலில் வரைய உட்கார்ந்தார்கள். இரண்டு மணி நேரம். ஹாலில் கரும்பலகையில் நாலு குழுவும் பார்த்த பறவைகளை ஒன்று சேர்த்துப் பட்டியல் எழுதி வைத்திருந்தார்கள், மொத்தம் 34.

என் மகள் கொக்கை எடுத்துக்கொண்டாள். பதினைந்து நிமிஷம் பென்சிலால் போட்டவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தாளும் வெள்ளை, கொக்கும் வெள்ளை, எந்தக் கலரை எடுப்பது? வெள்ளைக் கிரேயானைத் தேய்த்துப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. வழக்கமான போட்டியாக இருந்தால் கறுப்பில் சுற்றிக் கோடு போட்டு முடித்திருப்பாள். அந்த வழியாக வந்த அக்கா குனிந்து, “கொக்கை விட்டுடு பாப்பா. கொக்குக்குப் பின்னால என்ன இருந்துச்சு, அதைப் போடு” என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார். அவ்வளவுதான் சொன்னார். இவள் கோரைப்புல்லைப் போட ஆரம்பித்தாள், பச்சை, அதற்கு மேல் கரும்பச்சை, கீழே தண்ணீருக்குப் பழுப்பும் சாம்பலும், போடப் போட நடுவில் தொடாமல் விட்ட வெற்றுத் தாள் கொக்காக எழுந்து நின்றது. பச்சைக் கிரேயான் தீர்ந்துபோய்ப் பக்கத்துப் பெண்ணிடம் கடன் வாங்கினாள். அலகுக்கு மஞ்சள், காலுக்குக் கறுப்பு, முடிந்தது. இவ்வளவு நாள் கிளாஸுக்கு மாசம் 600 ரூபாய் கட்டுகிறேன், இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

இப்போது குறை. மூன்றாவதிலிருந்து ஐந்தாவது வரையிலான பிரிவில் முதல் பரிசு எதற்குத் தெரியுமா? மயிலுக்கு. தோகை விரித்த மயில், பின்னால் மலை, நடுவில் சூரியன். படம் சுத்தமாக இருந்தது, ஷேடிங் நன்றாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கரும்பலகையில் எழுதின 34 பறவைகளில் மயில் இல்லை. நாற்பது பிள்ளைகளில் ஒருவர்கூட அன்றைக்கு மயில் பார்க்கவில்லை. அதே பிரிவில் ஒரு பையன் நத்தைகுத்தி நாரை வரைந்திருந்தான். அந்த நாரைக்கு அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும், நத்தையைப் பிடிக்கத் தோதாக, வளர்ந்த பறவைக்குத்தான் அது இருக்கும், குஞ்சுக்கு இருக்காது. அந்தப் பையன் அந்த இடைவெளியை அழகாகப் போட்டிருந்தான். அவனுடைய அப்பா ஜன்னலுக்கு வெளியே நின்று, “வாயை ஒழுங்கா மூடி வரைடா” என்று இரண்டு தடவை சொன்னார். அவன் கேட்கவில்லை, “அதுக்கு அப்படித்தான்பா இருக்கும்” என்று சொல்லிவிட்டு வரைந்தான். அவனுக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. பரிசு வாசிக்கும்போது அவன் தன் படத்தை எடுத்து அலகைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான், எனக்கு வயிறு எரிந்தது.

என் மகளுக்கும் பரிசு இல்லை, ஆனால் அந்த வருத்தத்தில் எழுதவில்லை. விதியை வைத்தவர்களே விதியை மீறின படத்துக்கு மாலை போட்டால் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்? அடுத்த வருஷம் அந்த நாரைப் பையனும் மயில்தான் போடுவான். முடிந்ததும் அமைப்பாளர்களில் வயதானவர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். மழுப்பவில்லை அவர். “நீங்க சொல்றது சரிம்மா. நடுவருங்க பதினொன்றரைக்குத்தான் வந்தாங்க. காலையில என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்குச் சொல்லாம விட்டது எங்க தப்பு” என்றார். அந்தப் பதிலுக்காக அவர்கள் மேல் மரியாதை கூடியது, ஆனால் பையனுக்கு அது போய்ச் சேராதே.

நடுவர்களும் காலையில் ஏரிக்கு வர வேண்டும், இதுதான் நான் கேட்பது. இல்லையென்றால் ஒவ்வொரு பிள்ளையிடமும் ‘இதை எங்கே பார்த்தாய், என்ன பண்ணிக்கொண்டிருந்தது’ என்று ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு மார்க் போடட்டும். அமெரிக்காவில் அரசாங்கமே பள்ளிப் பிள்ளைகளுக்கு வாத்து ஓவியப் போட்டி நடத்துகிறது, 1993 முதல் தேசிய அளவில் முதலாக வருகிற படத்தை 5 டாலர் முத்திரையாக அச்சடித்து விற்று, அந்தப் பணத்தைப் பிள்ளைகளின் இயற்கைக் கல்விக்குச் செலவிடுகிறார்கள். அங்கே அந்த நாட்டு வாத்து, அன்னம் வகைகளைத்தான் வரையலாம், இன்னொருவர் எடுத்த போட்டோவைப் பார்த்துக் காப்பி அடித்தால் படம் போட்டியிலேயே இருக்காது. அந்தக் கண்டிப்பு இங்கேயும் வேண்டும்.

சின்னக் குறைகளும் உண்டு. பத்துப் பேருக்கு ஒரே பைனாகுலர், அதுவும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண்ணுக்குப் பொருந்தவில்லை. ஹாலில் இரண்டு ஃபேன்தான். சின்னப் பிள்ளைகள் பிரிவில் அம்மாக்களை உள்ளே விட்டதால் சில படங்களில் யார் கை வேலை செய்தது என்று பார்த்தாலே தெரிந்தது, அதை நிறுத்த வேண்டும். சான்றிதழில் மகள் பெயரில் ஒரு எழுத்துத் தப்பு, சொன்னதும் வேறு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் தாண்டி, அடுத்த ஜனவரியிலும் கண்டிப்பாகக் கூட்டிப் போவேன். போட்டி முடிந்த அந்த வாரமே தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு, 2015லிருந்து பொங்கலை ஒட்டி நாலு நாள் நடக்கிறது, பதினைந்து நிமிஷம் ஒரு இடத்தில் நின்று பார்த்த பறவைகளை எண்ணி ஈபேர்ட் என்கிற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்ற வேண்டும், அதுதான் வேலை. அந்த அக்கா சொல்லிக் கொடுத்ததை வைத்து மாட்டுப் பொங்கல் அன்று மகளும் நானும் வாய்க்கால் கரையில் நின்று எண்ணினோம். மடையான் மூன்று, கரிச்சான் இரண்டு, மைனா பதினொன்று, ஒரு வெண்மார்பு மீன்கொத்தி. மீன்கொத்தி கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருந்தது, இவள் அதன் தலை நிறத்தைச் ‘சாக்லேட்’ என்று நோட்டில் எழுதினாள். டிராயிங் கிளாஸில் நீலத் தலை போட்டுத்தானே பழகியிருக்கிறாள், அன்றைக்கு அவளாகவே மாற்றிக்கொண்டாள்.

உங்கள் ஊரில் இந்த மாதிரி ஒரு போட்டி வந்தால் பிள்ளையை அனுப்புங்கள். முந்தின ராத்திரி சீக்கிரம் தூங்க வையுங்கள், பளிச்சென்ற சிவப்புச் சட்டை வேண்டாம், தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், இருந்தால் வீட்டு பைனாகுலரையும். எக்ஸாம் பேட் அவசியம், ஹாலில் டெஸ்க் கிடையாது. பச்சைக் கிரேயான் இரண்டு மூன்று கூடுதலாகப் போட்டு அனுப்புங்கள், கொக்கு வரைகிற பிள்ளைக்கு அதுதான் முதலில் தீரும்.