பான்சாயில் போட்ட முதல் எஸ்டிமேட்

வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு லாட்ஜ். தரைத்தளம், அதன்மேல் 3 மாடி, மொத்தம் 24 அறை. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிற குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுவதற்காக, அறைக்கு ஒரு சின்ன மேடை. இதற்கு குவான்டிட்டி, அதாவது எந்த வேலை எவ்வளவு என்ற அளவுக் கணக்கு, எடுத்துத் தரச் சொன்ன கான்ட்ராக்டர் பிளான் சுருள் கொண்டு வரவில்லை. பென்டிரைவில் கட்டடத்தின் முப்பரிமாண மாடலாக ஒரே ஒரு ஐஎஃப்சி ஃபைல் கொடுத்துவிட்டுப் போனார்.

16 வருஷமாக சத்துவாச்சாரியில் எஸ்டிமேட் போடுகிறேன். பிளானை விரித்து, ஸ்கேல் வைத்து, நீளம் அகலம் உயரம் பார்த்து எக்செல்லில் ஏற்றுவதுதான் என் வழக்கம். மாடலிலிருந்து நேராக அளவெடுக்கிற மென்பொருள்கள் பலவும் வருஷச் சந்தா கேட்கும். மாதம் இரண்டு வேலை பார்க்கிற எனக்கு அது கட்டாது. அப்படித்தான் பான்சாய்க்கு வந்தேன். பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் துணைக் கருவி இது. 2024 வரை பிளெண்டர்பிம் என்று பெயர். இதற்கும் காசு கிடையாது. ஐஎஃப்சி என்பது யார் எந்த மென்பொருளில் வரைந்தாலும் மற்றவர் திறந்து படிப்பதற்கான பொது வடிவம், ஐஎஸ்ஓ 16739 தரம். பான்சாய் அதை வேறொன்றாக மாற்றாமல் அப்படியே திறக்கிறது.

பழகுவது கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். பிளெண்டர் அனிமேஷன் செய்பவர்களுக்காகப் பிறந்தது. திரை முழுக்கப் பொத்தான்கள், நமக்கு வேண்டியது நாலைந்துதான். அந்த நாலைந்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம், தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் ஆனது.

வந்த ஃபைலில் அளவுகளே இல்லை. வரைந்தவர் ஐஎஃப்சியாக மாற்றும்போது அளவுகளையும் சேர்க்கச் சொல்லும் கட்டத்தை டிக் செய்யவில்லை. பரவாயில்லை, பான்சாய் உருவத்தைப் பார்த்துத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. சுவர்களை எல்லாம் தேர்ந்தெடுத்து அளவெடுக்கச் சொன்னேன். நீளம், பரப்பு, கன அளவு எல்லாம் வந்து உட்கார்ந்தன. அதை எக்செல் தாளாக எடுத்தேன். 9 அங்குலச் சுவர், நாலரை அங்குலச் சுவர் என்று பிரித்துச் செங்கல் கணக்கை முடிக்க ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. கையால் எடுத்திருந்தால் மூன்று நாள்.

எனக்கு மிகவும் பிடித்தது வேகம் இல்லை. ஒவ்வொரு சுவருக்கும் 22 எழுத்தில் ஓர் அடையாளக் குறி இருக்கிறது. தாளில் ஓர் எண் உறுத்தினால் அந்தக் குறியைத் தேடி, அது எந்தச் சுவர் என்று கட்டடத்துக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம். இரண்டாம் மாடியில் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுவர் படிந்திருந்ததை அப்படித்தான் பிடித்தேன். பிளான் தாளில் அது ஒரே கோடாகத்தான் தெரிந்திருக்கும்.

கான்கிரீட்டில்தான் நிதானமாக இருக்க வேண்டும். வரைந்தவர் பீமை 450 மில்லிமீட்டர் முழு ஆழத்துக்கும் வரைந்து, 125 மில்லிமீட்டர் கான்கிரீட் தளத்தையும் அதன்மேல் முழுசாக ஓட்டியிருந்தார். அதாவது பீமின் மேல்பகுதி இரண்டு கணக்கிலும் வரும். பீம் அகலம் 230. மீட்டருக்கு 0.029 கன மீட்டர், பார்த்தால் ஒன்றுமில்லை. மாடிக்கு 180 மீட்டர் பீம் என்றால் 5 கன மீட்டருக்கு மேல். நான்கு தளத்துக்கும் சேர்த்தால் மிக்ஸர் லாரி மூன்றரை வண்டி! கருவியைக் குறை சொல்ல முடியாது, வரைந்ததை அளந்தது. பீமைத் தளத்துக்குக் கீழே மட்டும் கணக்கிட்டுத் திருத்தினேன்.

கம்பி மாடலில் இல்லவே இல்லை. அதற்குப் பழைய வழிதான்: ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கைப் பார்த்து நீளம் எடுத்து, விட்டத்தின் வர்க்கத்தை 162 ஆல் வகுத்து மீட்டருக்கு எடை போடுவது. 16 மில்லிமீட்டர் கம்பிக்கு 1.58 கிலோ.

பூச்சு வேலையில் தப்பு என்னுடையது. பான்சாய் சுவரின் ஒரு பக்க நிகரப் பரப்பைக் கொடுத்தது, அதாவது ஜன்னல் கதவு கழித்த பரப்பு. இரண்டு பக்கமும் பூச வேண்டுமே என்று இரண்டால் பெருக்கிவிட்டேன். தாளை வாங்கிப் பார்த்த மேஸ்திரி, அணைக்கட்டுக்காரர், ஒரு வரியில் விரலை வைத்துக் கேட்டார்: "என்னம்மா, ஜன்னலை ரெண்டு பக்கமும் கழிச்சிருக்கீங்க? எப்பவும் ஒரு பக்கம்தானே கழிப்பீங்க?"

அவர் சொன்னதுதான் சரி. கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தரமான ஐஎஸ் 1200 விதிப்படி அரை சதுர மீட்டருக்கு மேல் 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்கு ஒரு பக்கம் மட்டுமே கழிக்க வேண்டும். ஜன்னலின் உள்விளிம்பைப் பூசுகிற வேலைக்குத் தனியாக அளவு போடாததால் அது அதில் ஈடாகிவிடும். அரை சதுர மீட்டருக்குள் இருந்தால் கழிக்கவே கூடாது, பாத்ரூம் வென்டிலேட்டர் எல்லாம் அந்தக் கணக்குதான். எங்கள் ஜன்னல் 1.2க்கு 1.5, அதாவது 1.8 சதுர மீட்டர். 24 ஜன்னலுக்கு 43.2 சதுர மீட்டர், 465 சதுர அடி. கொத்தனார்கள் சாரத்தில் நின்று பூசிய 465 சதுர அடிக்குக் கூலி இல்லாமல் போயிருக்கும்.

"அண்ணா, மாத்திக் கொடுத்துடறேன்" என்று சொல்லி அன்றைக்கே புதுத் தாள் எடுத்தேன். இப்போது தாளில் திறப்புகளுக்குத் தனிப் பத்தி வைத்திருக்கிறேன். நிகரப் பரப்பை எடுப்பதே இல்லை, மொத்தப் பரப்பை எடுத்து விதிப்படி நானே கழிக்கிறேன். கையால் அளந்து பழகாமல் நேராக இதில் உட்காரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன்.

அப்புறம், வேலை ஒத்துக்கொள்ளும் முன்பே ஆர்க்கிடெக்டிடம் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: பீம் தளத்துக்குக் கீழே நிற்கிறதா, சுவர் வகைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறாரா, அளவுகளைச் சேர்த்து அனுப்புவாரா.

போன மாதம் முதல் மாடித் தளம் போட்டோம். நான் சொன்னது 46 கன மீட்டர். ஏழு லாரி முழுசாக வந்தது, எட்டாவதில் 4 கன மீட்டர். கடைசி மூலையை மட்டம் செய்து முடித்தபோது பாண்டுகளில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை மேஸ்திரி வாசல் படிக்குக் கீழே கொட்டிச் சமன் செய்தார்.