நான்கு டிஸ்க்கும் சேர்ந்து 14.5 டெராபைட் காட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்

சென்ற ஆடியில், முகூர்த்தம் இல்லாத நேரமாகப் பார்த்து, எங்கள் கல்யாண போட்டோ ஸ்டூடியோவுக்கு நாஸ் எனப்படும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி வாங்கினோம். நான்கு ஹார்ட் டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டெராபைட். அமைத்துக் கொடுக்க வந்தவர் முக்கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டார். "ஒரு டிஸ்க் பழுதானாலும் படங்கள் போகாது அல்லவா?" என்று கேட்டேன். "அதற்குத்தானே சார் நான்கு டிஸ்க்" என்றார். திரையில் 14.5 டெராபைட் இடம் என்றிருந்தது. மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டேன்.

அவர் சொன்னது பொய் என்பதை அந்த எண்ணே காட்டிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், பெட்டி 1,024 ஆக எண்ணுகிறது. அதனால் 4 டெராபைட் டிஸ்க் 3.6 சொச்சம் என்றுதான் தெரியும், நான்கும் சேர்ந்தால் 14.5. பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர், அதில் பல வகை உண்டு. ரெய்டு 5 என்றால் ஒரு டிஸ்க் அளவு இடம் பாதுகாப்புக்குப் போய் 10.9 மிஞ்சும். ரெய்டு 6 என்றால் இரண்டு டிஸ்க் அளவு போய் 7.3 மிஞ்சும். முழுதாக 14.5 தெரிந்தால் பாதுகாப்புக்கென்று எதுவும் ஒதுக்கவில்லை என்று பொருள். எங்களுக்குப் போட்டிருந்தது ரெய்டு 0. ஒவ்வொரு படமும் துண்டு துண்டாக நான்கு டிஸ்க்கிலும் சிதறிக் கிடக்கும். ஒன்று செத்தால் எல்லாம் போயிற்று.

தை மாதம் மூன்றாவது டிஸ்க் நின்றது. எட்டுக் கல்யாணங்கள். கேமரா கார்டுகளை அடுத்த முகூர்த்தத்துக்காக அழித்துவிட்டிருந்தோம். ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுக்க அனுப்பிய சிறிய படங்கள் மட்டும் அந்தந்த வீட்டாரின் போனில் இருந்தன.

நிர்வாகிக் கடவுச்சொல்லை அவரிடம் போராடி வாங்கிப் பெட்டியின் பதிவுகளைத் திறந்தபோது நெஞ்சு எரிந்தது. டிஸ்க்கில் பழுதான செக்டர்கள், அதாவது தகவல் எழுதப்படும் சிறு பகுதிகள், கூடுகின்றன என்று பெட்டி மூன்று வாரமாக மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது, அவருடைய முகவரிக்கு! "அந்த மெயிலை நான் பார்ப்பதில்லை சார்" என்றார். ரெய்டு 0 பற்றிக் கேட்டால், "நீங்கள்தான் இடம் அதிகம் வேண்டும் என்றீர்கள்" என்கிறார். நான் அப்படிச் சொல்லவே இல்லை.

போதாததற்கு, நிர்வாகப் பக்கத்தை ரௌட்டர் வழியாக இணையத்துக்குத் திறந்தும் வைத்திருந்தார். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற கணினிக் கிருமி கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளில் இருந்த கோப்புகளைப் பூட்டிப் பிட்காயின் கேட்டதே, அது குறிவைத்ததும் இப்படி இணையத்துக்குத் திறந்து கிடந்த பெட்டிகளைத்தான்.

ஒரு கோப்பைக்கூட ஏற்றுவதற்கு முன், அமைப்பவர் பக்கத்தில் இருக்கும்போதே, நிர்வாகிக் கணக்கில் நீங்களே நுழைந்து எந்த ரெய்டு என்று பாருங்கள். உங்கள் முகவரிக்குச் சோதனை மின்னஞ்சல் வர வேண்டும். நாலைந்து உதவாத படங்களை ஏற்றிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றக்கூடிய பெட்டியென்றால் ஒரு டிஸ்க்கை வெளியே இழுக்கச் சொல்லுங்கள். பெட்டி அலற வேண்டும், படமும் திறக்க வேண்டும். தயங்குகிறவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். டிஸ்க்கைத் திரும்பச் செருகியபின் சீரமைக்கப் பல மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

இப்போது ரெய்டு 6 போட்டிருக்கிறோம். தனியாக ஒரு பிரதி என் வீட்டு அலமாரியில் இருக்கிறது, ஏனென்றால் தவறுதலாக அழித்த கோப்பை எந்த ரெய்டும் திருப்பித் தராது. எட்டு வீட்டுக்கும் நேரில் போய்ச் சொன்னேன். ஐந்து வீட்டாருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மூன்று வீட்டாருக்கு இன்னும் தர வேண்டியிருக்கிறது.