சென்னை – மதுரை இரவுப் பயணம்: ரயிலா, அரசு விரைவுப் பேருந்தா, ஆம்னியா?

கோயம்பேடு இருந்தவரை எனக்கு இந்தக் கேள்வியே வந்ததில்லை. வீடு வில்லிவாக்கத்தில். சாப்பிட்டுவிட்டுப் பையைத் தூக்கினால் அரை மணியில் கோயம்பேடு போய்விடலாம். மதுரை போர்டு போட்ட வண்டி ஏதாவது ஒன்று நின்றுகொண்டிருக்கும். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறந்தது. அடுத்த ஒரு மாதத்துக்குள் தென்மாவட்ட வண்டிகள் பெரும்பாலும் அங்கே போய்விட்டன. அதன்பிறகு நான் கொஞ்சம் கொஞ்சமாக ரயிலுக்கு மாறி, இப்போது டிக்கெட் கிடைக்கிறவரை ரயில்தான் என்று ஆகிவிட்டது. மாறியதற்கான காரணங்களைத்தான் எழுதுகிறேன். உங்கள் வீடு எங்கே, ஊர் எங்கே என்பதைப் பொறுத்து விடை மாறும்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்தவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். காசு: ஸ்லீப்பர் வகுப்பு சுமார் 350 ரூபாய். அரசு விரைவுப் பேருந்தின் கட்டணம் 2018 ஜனவரிக்குப் பிறகு உயர்த்தப்படவில்லை. அப்படியும் சாய்வு இருக்கைக்கு ஸ்லீப்பரைவிடக் கொஞ்சம் கூடத்தான் வரும். ஆம்னிக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் கிடையாது. செவ்வாய்க்கிழமை ஒரு விலை, வெள்ளிக்கிழமை ஒரு விலை, தீபாவளிக்கு முந்தின நாள் வேறொரு விலை. தூக்கம்: ரயிலில் கால் நீட்டிப் படுக்கலாம். கழிப்பறை: ரயிலில் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், பேருந்தில் ஓட்டுநர் நிறுத்துகிற இடத்தில்தான். வயதானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், சின்னப் பிள்ளையோடு போகிற பெண்கள் இருந்தால் இது ஒன்றே போதும், மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இவை எதுவுமில்லை. ஏறுகிற இடமும் இறங்குகிற இடமும்தான்.

பெரும்பாலானவர்கள் வண்டி ஓடுகிற நேரத்தை மட்டும் ஒப்பிடுகிறார்கள். இரவு ரயில் ஏழரையிலிருந்து எட்டு மணி நேரம். பேருந்தும் கிட்டத்தட்ட அதே நேரம்தான், சாலை நன்றாக இருந்தால் கொஞ்சம் குறையலாம். அதில் வித்தியாசம் இல்லை. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கணக்குப் போட்டால்தான் விஷயம் தெரியும்.

ரயில் என்றால்: வில்லிவாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் அரை மணிக்குள் சென்ட்ரல். இறங்கி எதிர்ப்பக்கம் பூங்கா நிலையத்துக்குப் போனால் அடுத்த நிறுத்தம் எழும்பூர். மெட்ரோவிலும் சென்ட்ரலுக்கு அடுத்தது எழும்பூர்தான்; பை கனமாக இருந்தால் எஸ்கலேட்டர் இருக்கிறது என்பதற்காகவே நான் மெட்ரோவைப் பிடிப்பதுண்டு. பாண்டியன் எக்ஸ்பிரஸ் இரவு ஒன்பதரைக்கு மேல்தான் கிளம்பும். எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் நடைமேடையில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் வாங்க நேரம் இருக்கும்.

கிளாம்பாக்கம் என்றால்: மின்சார ரயிலில் போவதாக இருந்தால் பூங்கா நிலையத்தில் செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். தாம்பரம் வண்டிகள் அடிக்கடி வரும், ஆனால் அவை தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வண்டியில் இடம் பிடித்து வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, அங்கிருந்து ஆட்டோவோ மாநகரப் பேருந்தோ பார்க்க வேண்டும். சாலை வழி என்றால் கோயம்பேட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை மாலை கத்திப்பாராவில் ஒரு நிற்றல், பல்லாவரத்தில் ஒரு நிற்றல், பெருங்களத்தூரில் ஒரு பெரிய நிற்றல். இரண்டு மணி நேரம் போய்விடும். ஐந்நூறு கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு பயணத்துக்கு, ஊர் எல்லையைத் தாண்டவே அதில் கால் பங்கு நேரம்.

முனையத்தைக் குறை சொல்லவில்லை. கட்டடம் நன்றாக இருக்கிறது, விசாலமாக இருக்கிறது, கோயம்பேட்டில் மழைக்காலத்தில் பட்ட பாடு இங்கே இல்லை. நகரத்துக்குள் நீளப் பேருந்துகள் வந்து நெரிசலைக் கூட்டக்கூடாது என்ற எண்ணமும் சரியானதுதான். வரிசைதான் தலைகீழாகப் போய்விட்டது. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவில் முனையத்தை ஒட்டி ஒரு ரயில் நிலையம் திட்டத்தில் இருந்தது. முனையம் திறந்த நாளில் அந்த நிலையம் இல்லை. மெட்ரோவும் விமான நிலையத்தோடு நின்றுகொண்டிருந்தது. பேருந்துகள் வெளியே போய்விட்டன, அங்கே போய்ச் சேரும் வழி பின்னால் வரட்டும் என்று விடப்பட்டது. இடையில் அலைந்தது இரண்டு கையிலும் பையோடு, இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஜனங்கள். இதை நினைக்கும்போது எனக்கு இன்னும் ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

அந்தப் பக்கத்து முனையிலும் இதே கதை. மதுரை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மேலவெளி வீதி. எதிரே டவுன் ஹால் ரோடு. விடிவதற்கு முன்பே டீக்கடைகளில் பாய்லர் கொதித்துக்கொண்டிருக்கும், லாட்ஜ் வாசல்களில் தண்ணீர் தெளித்திருப்பார்கள். எங்கள் வீடு மேலமாசி வீதிப் பக்கம், நடந்தே போய்விடுவேன். நடக்க வேண்டாம் என்றால் பெரியார் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, திருப்பரங்குன்றமோ பழங்காநத்தமோ போகிறவர்களுக்கு டவுன் பஸ் உண்டு. பேருந்தில் போனால் மாட்டுத்தாவணி. அது ஊரின் வடகிழக்கு ஓரம். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்தோ ஆட்டோவோடு பேரம் பேசியோ ஊருக்குள் வர இன்னொரு அரை மணி.

இந்த இரண்டு முனைகளையும் கூட்டினால் எனக்கு ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரமாவது மிச்சம். திரும்பி வரும்போது இது இன்னும் பெரிதாகத் தெரியும். ஞாயிறு இரவு கிளம்பித் திங்கள் காலை அலுவலகம் போகிறவர்களுக்குப் பரனூர் சுங்கச்சாவடி வரிசை நன்றாகவே தெரியும். அதைத் தாண்டிக் கிளாம்பாக்கத்தில் இறங்கினால், மறுபடி நகரத்துக்குள் ஒரு பயணம் பாக்கி இருக்கிறது. பாண்டியனில் வந்தால் எழும்பூரில் இறங்கும்போதே மின்சார ரயில் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து குளித்துக் கிளம்ப நேரம் சரியாக இருக்கும். தென்சென்னைக்காரர்கள் தாம்பரத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

சரி, இப்போது இதே அளவுகோலைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். உங்கள் வீடு கூடுவாஞ்சேரியிலோ பெருங்களத்தூரிலோ இருந்தால் கிளாம்பாக்கம் உங்கள் வாசல். ஊர் மேலூர் என்றால் ரயிலை நினைக்கவே வேண்டாம். திருச்சி – மதுரை நெடுஞ்சாலை கொட்டாம்பட்டி, மேலூர் வழியாகத்தான் வருகிறது. ரயில் பாதையோ திருச்சியிலிருந்து மணப்பாறை, திண்டுக்கல் சுற்றிக்கொண்டு வருகிறது. மேலூரில் ரயில் நிலையமே கிடையாது. ரயிலில் மதுரை போய், மாட்டுத்தாவணி வந்து, மறுபடி மேலூர் வண்டி ஏறுவது வீண் வேலை. என் அலுவலக நண்பர் ஒருவர் மேலூர்க்காரர். அவரிடம் நான் ரயில் பெருமை பேசுவதில்லை.

தேனிப் பக்கமும் அப்படித்தான். மீட்டர் கேஜ் பாதையை அகலமாக்கி முடித்து, 2023 ஜூனில் சென்ட்ரலிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது பெரிய விஷயம். ஆனால் அது வாரத்தில் மூன்று நாள்தான். உங்களுக்கு லீவு கிடைக்கிற நாளும் அந்த வண்டி ஓடுகிற நாளும் ஒத்துப்போனால் பாக்கியம். மற்ற நாட்களில் கம்பம், போடி போகிறவர்களுக்குப் பேருந்துதான்.

வடசென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொரு தகவல்: அரசுப் போக்குவரத்துக் கழக வண்டிகளில் ஒரு பகுதி மாதவரத்திலிருந்து வெளிவட்டச் சாலை வழியாகத் திருச்சி, சேலம், கும்பகோணம் பக்கம் போகும்படி செய்தார்கள். திருச்சிக்காரர்களுக்கு அது வசதி. மதுரைக்குப் போகிற எனக்குத் திருச்சியில் இறங்கி மாறுவது இரவு நேரத்தில் ஒத்துவரவில்லை.

ரயிலின் பெரிய குறையை மறைக்கக்கூடாது: டிக்கெட் கிடைக்காது. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. இது நமக்கு நல்லதுதான், நான்கு மாதம் கழித்து லீவு கிடைக்குமா என்று யாருக்குத் தெரியும்? ஆனால் பொங்கல், தீபாவளி வண்டிகளுக்குக் காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறந்தால், கடவுச்சொல்லை அடித்து முடிப்பதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் ஆரம்பித்துவிடுகிறது. தட்கல் முந்தின நாள் காலை, ஏசிக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொரு மணி. அதிலும் அதே ஓட்டம்தான். ஆன்லைனில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் உறுதியாகாவிட்டால் தானாக ரத்தாகும். பணம் வந்துவிடும், பயணம் போய்விடும். ஆர்ஏசி கிடைத்தால் சைடு லோயரில் முன்பின் தெரியாத ஒருவரோடு பாதி பாதி உட்கார்ந்து போக வேண்டும். அதையும் நான் இப்போதெல்லாம் வேண்டாம் என்று சொல்வதில்லை.

அதனால்தான் பேருந்தை நான் ஒருநாளும் கைவிட மாட்டேன். ஊரில் ஒரு துக்கம் என்று இரவு பத்து மணிக்குப் போன் வந்தால் எந்த ரயிலும் உதவாது. கிளாம்பாக்கம் போய் நின்றால் அரசு வண்டி ஒன்று கிளம்பிக்கொண்டிருக்கும், நடத்துனரிடம் காசைக் கொடுத்து ஏறி உட்காரலாம். நேரடி மதுரை வண்டி இல்லாவிட்டாலும் திருச்சி வரை போய் அங்கிருந்து மாறலாம். திருச்சியிலிருந்து மதுரைக்கு இரவு முழுக்க வண்டி உண்டு. முன்பதிவே இல்லாமல் எந்த நேரத்திலும் கிளம்பலாம் என்ற இந்த உறுதி சாதாரண விஷயமில்லை. மற்ற மாநிலங்களில் இருந்துவிட்டு வந்தவர்களைக் கேட்டால் இதன் அருமையைச் சொல்வார்கள். அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் கீழே இருக்கை, மேலே படுக்கை என்று விட்டிருக்கிற வண்டிகளில் மேல் படுக்கை கிடைத்தால் முதுகுக்கும் பழுதில்லை.

ஆம்னியைப் பற்றி நான் பெரிதாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஏனென்றால் அதில் போனது குறைவு. ஏசி ஸ்லீப்பரில் போர்வை, தலையணை, சார்ஜ் போடும் வசதி எல்லாம் ரயிலின் ஸ்லீப்பர் வகுப்பைவிட நன்றாகவே இருந்தன. ஏறுகிற இடத்திலும் ஆம்னிக்குக் கொஞ்சம் சலுகை உண்டு: உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் அனுமதித்தபடி போரூர், சூரப்பட்டு பக்கமும் பயணிகளை ஏற்றிக்கொள்கிறார்கள். மேற்குச் சென்னையில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்கலாம். எனக்குப் பிடிக்காதது நேரம்தான். ஒன்பதரை என்று போட்டிருந்த வண்டி, வழியில் ஒவ்வொரு இடமாக ஆள் ஏற்றி, பதினொன்றரைக்குத்தான் செங்கல்பட்டைத் தாண்டியது. நடுராத்திரி நிறுத்திய மோட்டலில் ஆறிப்போன தோசைக்குக் கொடுத்த விலை இன்னும் மனதில் இருக்கிறது. எல்லா நிறுவனமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். அடிக்கடி போகிறவர்கள் நல்ல அனுபவமும் சொல்கிறார்கள்.

பகல் வண்டிகளை இங்கே சேர்க்கவில்லை. 1977-லிருந்து ஓடுகிற வைகை இருக்கிறது, 2019-லிருந்து தேஜஸ் இருக்கிறது, 2023 செப்டம்பரிலிருந்து திருநெல்வேலி வந்தே பாரத் இருக்கிறது. கடைசி வண்டி ஆறு மணி நேரத்துக்குள் மதுரையில் விட்டுவிடுகிறது. ஒரு பகல் முழுக்கச் செலவழிக்க முடிகிறவர்களுக்கு, குறிப்பாகப் பெற்றோரைத் தனியாக அனுப்புகிறவர்களுக்கு, இவை நல்ல வழி. எனக்கு லீவு நாள் வீணாகக்கூடாது என்பதால் இரவு வண்டிதான்.

கடைசியாக, நான் இப்போது செய்வது இது. ஊருக்குப் போகிற தேதி தெரிந்தவுடன் பாண்டியனில் டிக்கெட் பார்ப்பேன். இல்லையென்றால் மதுரை வழியாகப் போகிற நெல்லை, பொதிகை, கன்னியாகுமரி, முத்துநகர் எக்ஸ்பிரஸ்களைப் பார்ப்பேன். இவற்றில் சில நள்ளிரவு தாண்டி இரண்டு, மூன்று மணிக்கே மதுரையில் இறக்கிவிடும், அலாரம் வைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் இல்லையென்றால் அரசு விரைவுப் பேருந்தில் முன்பதிவு. அப்படிப் பேருந்து என்று முடிவானால் வெள்ளி மாலை சாலை வழியாகக் கிளாம்பாக்கம் போவதில்லை. பூங்கா நிலையத்தில் எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் செங்கல்பட்டு வண்டிக்காக நின்று ஏறிவிடுவேன்.