வீவக வீடு: கூரையும் குத்தகையும்

சிங்கப்பூர்வாசிகளில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடுகளில் வசிக்கிறார்கள். ஒரு கடை பிடிக்கவில்லையென்றால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். ஆனால் வீவகவின் குறைநிறைகளோடுதான் பெரும்பாலோருடைய வாழ்நாளே கழிகிறது என்பதால் அதன் சேவையைச் சற்றுக் கண்டிப்பாகவே எடைபோட வேண்டியிருக்கிறது.

1960இல் கழகம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு மே மாதம் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் (கிராமக் குடியிருப்பில்) மூண்ட தீ சுமார் 16,000 பேரின் வீடுகளைப் பறித்தது. முதல் ஐந்தாண்டுகளிலேயே 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி முடித்த அந்த வேகத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். வீட்டுவிலை மக்களுக்கு எட்டியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. 1968 முதல், சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேர்க்கப்படும் மத்திய சேமநிதிச் சேமிப்பைக் கொண்டே வீடு வாங்க முடிந்தது. 1966ஆம் ஆண்டின் நிலக் கையகச் சட்டத்தால் அரசுக்குச் சந்தை விலையைவிடக் குறைவாக நிலம் கிடைத்தது. சந்தை விலையே இழப்பீடு என்ற நிலை 2007இல்தான் வந்தது. மலிவு வீட்டுக்கான செலவில் ஒரு பங்கை நிலம் இழந்தவர்கள் சுமந்தார்கள் என்பதை இந்தச் சேவையைப் புகழும்போது மறப்பது நியாயமாகாது.

நகர் அமைப்பில் எனக்குக் குறையே தெரியவில்லை. தோ பாயோ வீவக நகரில் சந்தை, பள்ளி, மருந்தகம், ரயில் நிலையம் எல்லாம் நடந்தே போகும் தொலைவில் இருப்பதால், கார் இல்லாத குடும்பம் எதையும் இழந்ததாக உணர்வதில்லை. காலை நேரத்தில் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் சிறிது நேரம் நின்றாலே போதும்: கல்மேசையில் முதியவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பார்கள், காற்று தடையின்றி ஊடுருவும், வெயில் உள்ளே வராது.

முன்பெல்லாம் பழைய புளோக்குகள் பலவற்றில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்காது. கையில் சந்தைப் பையுடன், மின்தூக்கி நிற்கும் தளத்தில் இறங்கி, மீதி இரண்டு மாடிகளைக் கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி படிப்படியாக ஏறிய மூதாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு, 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்தின் அருமை புரியும். கட்டிக் கொடுத்ததோடு நின்றுவிடாமல், குடியிருப்போருக்கு வயதாக ஆக வீட்டையும் அதற்கேற்ப மாற்றித் தருவதே வீவகவின் தலைசிறந்த குணம் என்பேன்.

ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தாருக்கும் உச்ச விகிதம் வைத்து 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையைப் பற்றி எனக்கு இரண்டு மனம். ஓர் இனத்தார் ஒரே இடத்தில் குவியாமல் அது தடுத்திருப்பது நல்லதே. ஆனால் சீனர்களுக்கான விகிதம் நிரம்பிவிட்ட புளோக்கில் நம்மவர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறையும்போது விலையும் இறங்குகிறது. பொது நன்மைக்கான கொள்கையின் பாரம் சிறுபான்மைக் குடும்பங்களின் மீது கூடுதலாக விழுவது சரியன்று. வீட்டை வாங்க ஆளில்லாமல் தவிக்கும் அத்தகையோரின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ள 2022இல் வழி செய்யப்பட்டது. அது தாமதமாக வந்தாலும் தேவையான திருத்தம்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, வீவக வீடுகள் விற்கப்படும் 99 ஆண்டுக் குத்தகைதான். குடியிருக்கவும் முதுமைக்குச் சொத்தாகவும் ஒரே வீடு உதவும் என்ற நம்பிக்கையில் இரண்டு தலைமுறைகள் வீடு வாங்கின. குத்தகை முடிந்தால் வீடு கழகத்திடமே திரும்பிப் போய்விடும் என்று 2017இல் அமைச்சர் வெளிப்படையாகச் சொன்னபோது பலருக்கு அது புதிய செய்தியாகவே இருந்தது. முழு வட்டாரத்தையும் இடித்து மறுசீரமைத்து ஈடு வழங்கும் திட்டத்துக்கு ஏறத்தாழ 5 விழுக்காட்டு வீடுகளே தகுதிபெறும் என்ற விவரத்தை விற்பனை மேசையிலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். மறுவிற்பனை வீடு பார்க்கப் போகிறவர்கள் ஓடுகளின் பளபளப்பில் மயங்காமல், எஞ்சியுள்ள குத்தகை எத்தனை ஆண்டு, அது வாங்குவோரில் மிக இளையவரின் 95 வயது வரை வருமா, வராவிட்டால் சேமநிதியில் எவ்வளவு எடுக்கலாம் என்பவற்றை முதலில் கேட்டறியுங்கள்.